காப்பு கட்டாத கை

என் வீட்டுக்காரர் சன்னாசி எழுபத்தைந்தாம் வருஷக் கடைசியில் பெய்ரூட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் எனக்கு ஒரு சால்வையும் மகன் ஜெயபாலனுக்கு ஒரு கைக்கடிகாரமும் இருந்தன. மற்றபடி அவர் கொண்டுவந்தது முழுக்கப் பயம்.

பெய்ரூட் எங்கே, மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கெலுபி ரப்பர்த் தோட்டம் எங்கே என்று கேட்பீர்கள். தோட்டத்துத் துரை பங்களாவில் இவர்தான் சமையல். தோட்டம் கைமாறியபோது துரைக்கு லெபனானில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. சன்னாசி வைக்கும் கோழிக் குழம்பை விட்டுப் போக அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் இங்கே பால்மரம் வெட்டிக்கொண்டு மகனோடு கிடந்தேன். அங்கே சண்டை மூண்டதும் துரை தன் நாட்டுக்குக் கிளம்பினார், இவரை டிக்கெட் எடுத்து இங்கே அனுப்பிவிட்டார்.

வந்த மனுஷன் ஆள் பாதியாக இருந்தார். தோட்டத்து லோரி 'டப்' என்று புகை கக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பஸ் ஏறவே மாட்டார். சுங்காய் பட்டணத்துக்கு வெயிலில் நடந்தே போவார், நடந்தே வருவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஊர் ஊராப் போயி பயப்படக் கத்துக்கிட்டு வந்துருக்காரு பாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். மூன்று வருஷம் காத்திருந்தது இப்படி ஒரு ஆளுக்கா என்று இருந்தது.

அவரைச் சும்மா விடக்கூடாதென்று சாயங்காலத்தில் வடை சுட்டு விற்கச் சொன்னேன். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் வீடு மேல் லயத்தில் கடைசி வீடு. அதற்குக் கீழே சரிவில் கீழ் லயம். இரண்டு பக்கத்து ஆளும் எங்கள் வாசலுக்கு வந்து வடை வாங்கினார்கள். அடுப்பு முன்னால் நிற்கும்போது மட்டும் அவர் பழைய ஆளாக இருந்தார்.

ஒரு நாள் உளுந்து ஆட்டிக்கொண்டே கேட்டேன். "அந்தச் சண்டை எதுக்குங்க வந்துச்சு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ரொட்டியில வந்துச்சு நல்லம்மா."

"ரொட்டியிலயா?"

"நாங்க குடியிருந்த வீட்டுக்குக் கீழ ஒரு ரொட்டிக் கடை. அங்க ஒரு பொம்பள தெனம் ரொட்டி வாங்கும். ஒரு நாளு பார்த்தா, கடைய தாண்டி ரொம்ப தூரம் நடந்து போயி வேற கடை ரொட்டி தூக்கிட்டு வருது. ஏன்மா, இந்த ரொட்டி நல்லா இல்லையான்னு கேட்டேன். ரொட்டிக்கு என்ன கொறை, போடறவன் நம்மாளு இல்லையேன்னுச்சு. அதுக்கப்புறம் நெறைய பேரு அப்படி நடந்தாங்க."

"அவனுங்க ரெண்டு பேரும் யாரு?"

"ஒரு பக்கம் கிறிஸ்துவங்க, ஒரு பக்கம் முஸ்லிமுங்க. பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப ஒரு தடவை தலைய எண்ணிருக்கான். அதைப் பார்த்து பெரிய நாற்காலி இவங்களுக்கு, அடுத்த நாற்காலி அவங்களுக்குன்னு பேசி வெச்சிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எண்ணவே இல்ல. எண்ணுனா இவங்களுக்குப் பயம், எண்ணாட்டி அவங்களுக்குக் கோவம். பக்கத்து நாட்டுல வீடு வாசல எழந்தவங்களும் வந்து கூடாரம் போட்டு இருந்தாங்க. அவங்களப் பார்த்தாலே சில பேருக்கு ஆகாது."

"சரி, அதுக்கு அடிச்சுக்கணுமா?"

"ஒரு ஞாயித்துக்கெழமை காலையில ஒரு சர்ச்சு வாசல்ல சுட்டாங்க. அன்னிக்கே ஒரு பஸ்ஸு அந்தப் பக்கமா வந்துச்சு. ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு ஆளுங்க அதுல திரும்பறாங்க. பஸ்ஸ மறிச்சு சுட்டானுங்க. துரை சொன்னாரு, சாயங்காலத்துக்குள்ள அடங்கிரும்னு." அவர் மாவுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சாயங்காலம் இன்னும் வரல."

அது அந்த நாட்டுக் கதை, நமக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

எழுபத்தேழில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். எங்கள் கோயிலில் ஒரு ஏற்பாடு உண்டு. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் மேல் லயத்தில் ஆள் அதிகமாம். அதனால் தலைவர் மேல் லயம், செயலாளர் கீழ் லயம் என்று பேசி முடித்தார்களாம். அப்போது தலைவராக இருந்தவர் என் அண்ணன் ஐயாவு. இதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட, அங்கே வேலை போன சனம் எங்கள் கீழ் லயத்திலும் ஆற்றோரத்திலும் வந்து குடிசை போட்டிருந்தது. அவர்களில் ஒருவன் சீனி. குத்தகைக்கு மூட்டை தூக்குகிறவன், நல்ல பேச்சுக்காரன்.

சீனி எழுந்து கேட்டான். "ஐயாவு அண்ணே, இப்ப கீழ் லயத்துலதான் ஆளு அதிகம். ஒரு தடவை தலைய எண்ணிப் பாத்துருவோமா? யாரு தலைவருன்னு தெரிஞ்சிரும்."

என் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க தாத்தன் காட்டை வெட்டுனப்ப பேசுனது. நேத்து வந்தவன்லாம் எண்ணச் சொல்றான்!"

"நேத்து வந்தவன் காசு மட்டும் கோயில் வரிக்கு வேணுமா?"

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை சில்லென்று இருந்தது. "எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை உதறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கீழ் லயத்து ஆட்கள் எங்கள் வாசலுக்கு வடை வாங்க வரவில்லை. பெரிய ரோட்டுச் சீனன் கடை வரைக்கும் நடந்து போய்ப் பலகாரம் வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டித்தான் திரும்பினார்கள். என்னோடு நிரையில் பால்மரம் வெட்டுகிற காளியம்மாவும் அப்படிப் போனாள். "ஏன்டி, எங்க வடையில என்ன கொறை?" என்று கேட்டேன். "வடை நல்ல வடைதான் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பின்னால் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்தவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கோயில் அண்டாக்களைப் பங்கு போட்டார்கள். ஒற்றைப்படையாகப் போன ஒரு அண்டாவை யாருக்கும் இல்லாமல் ஆற்றில் தள்ளினார்கள். கீழ் லயத்துக்காரர்கள் ஆற்றோரத்தில் ஒரு கல்லை நட்டு, அதுதான் தங்கள் மாரியம்மன் என்றார்கள். திருவிழா தொடங்கும்போது மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டுவது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். கட்டிக்கொண்டவர் அம்மனுக்குக் கட்டுப்பட்டவர், திருவிழா முடியும்வரை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டும். அந்த வருஷம் மேல் லயம் மஞ்சள் கயிறு கட்டியது, கீழ் லயம் வேண்டுமென்றே சிவப்புக் கயிறு கட்டியது. ஒரே ஆத்தாளுக்கு இரண்டு காப்பு. எவனுக்கும் அது தப்பென்று தோன்றவில்லை.

ஊரில் இருக்கிற வருஷமெல்லாம் திருவிழாச் சமையல் என் வீட்டுக்காரருடையது. இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். இவர் யார் கயிற்றையும் கட்டிக்கொள்ளவில்லை.

"மாப்ள, கைய நீட்டுங்க" என்றார் என் அண்ணன், கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும்.

"வேணாம் மச்சான். கயித்தைக் கட்டாதீங்க. கட்டினா யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிரும். அங்க அடையாளக் கார்டுல மதத்தைப் பாத்துத்தான் ஆளக் கொன்னானுங்க."

கூட்டம் சிரித்தது. "இவருக்கு முத்திருச்சு லா. தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு கட்டில் போட்டு வெக்கச் சொல்லு" என்று எவனோ கத்தினான். தஞ்சோங் ரம்புத்தானில்தான் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் யாரையாவது பைத்தியம் என்று சொல்ல அந்த ஊர் பெயரைச் சொன்னாலே போதும்.

தீமிதிக்கு முதல் நாள் மத்தியானம் என் அண்ணன் மகன் ராஜு இரண்டு பையன்களோடு வந்தான். ஒரு கோணிச் சாக்கை எங்கள் வீட்டுப் பின்பக்கம் வைத்தான். "அத்தை, இது இங்க இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கறோம்." சாக்கு வைத்தபோது கணகணவென்று சத்தம் கேட்டது. அவன் தலை மறைந்ததும் சாக்கின் வாயைப் பிரித்தேன். பாராங் கத்தி, சைக்கிள் சங்கிலி, சோடா பாட்டில்.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "அண்ணே, என்ன இது?"

"சத்தம் போடாத. சும்மா மெரட்டத்தான். அவனுங்க நாளைக்கு லோரியில கரகத்தை வெச்சு நம்ம கோயில் வாசல் வழியா மேளம் அடிச்சுட்டுப் போவானுங்களாம். ரோட்டு வளைவுல மறிக்கப் போறோம்."

"எந்த லோரி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தோட்டத்து லோரிதான்."

தோட்டத்து லோரியை ஓட்டுகிறவன் என் மகன் ஜெயபாலன்.

"அவனுக்குச் சொல்லியாச்சு தங்கச்சி. வளைவு வர்றதுக்கு முன்னாடி எறங்கி ஓரமாப் போயிருவான்."

நான் திரும்பி வந்தபோது சாக்கைக் காணோம், பையன்கள் அதற்குள் இடம் மாற்றியிருந்தார்கள். தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற ஆபீஸ் கிராணியிடம் சொல்லித் தடுக்கலாமென்று அவர் வீட்டுக்கு ஓடினேன். தெலுக் இந்தானில் கல்யாணமாம், பூட்டு தொங்கியது. ஜெயபாலன் லோரிக் கொட்டகையில் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் மஞ்சள் காப்பு, பக்கத்தில் அப்பா கொடுத்த கடிகாரம்.

"எறங்கிருவியாடா?" என்று கேட்டேன்.

"எறங்கச் சொன்னாங்க. நான் எறங்க மாட்டேம்மா."

"டேய்!"

"பின்னாடி முழுக்கப் பொம்பளைங்க, பச்சப் புள்ளைங்க. நடு ரோட்டுல அவங்கள விட்டுட்டு எறங்கறவன் ஒரு டிரைவராம்மா? கிராணி ரெண்டு பக்கத்துக்கும் ஓட்டச் சொல்லிருக்காரு. ஓட்டுவேன்."

கெஞ்சினேன், திட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். பிடிவாதம் என் ரத்தம்தானே, அசையவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? மகன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். இவ்வளவு நாள் கேலி பண்ணிய ஆளிடம்தான் போய் அழ வேண்டியிருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லோரியில பாடிட்டு வருவாங்களா?"

"சாமி ஊர்வலம், பாடாம எப்படி?"

அவர் உதட்டை நக்கிக்கொண்டார். "அந்தப் பஸ்ஸுலயும் பாடிட்டுத்தான் போனாங்களாம்."

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கோயிலுக்கு முந்தின வளைவில் பையன்கள் ஒரு ரப்பர் மரக் கட்டையை ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "கைய காட்டு" என்றார்கள். மஞ்சளைப் பார்த்தால் விட்டார்கள். சிவப்பைப் பார்த்தால் கெட்ட வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நேற்றுவரை ஒரே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து வேலைக்குப் போன சனம், ஒன்றுக்கொன்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றது. என் அண்ணன் ஓரத்தில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் வண்டி வரும் திசையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மேளச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் பாட்டு. அப்புறம் லோரியின் மூக்கு தெரிந்தது. லோரிக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்.

வண்டி என்றாலே கட்டிலுக்கு அடியில் போகிற மனுஷன், லோரியின் மூச்சு முதுகில் படுகிற தூரத்தில் நடந்தார். வீரமாக எல்லாம் நடக்கவில்லை. கைலி முன்பக்கம் நனைந்திருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். கயிறில்லாத மணிக்கட்டு இரண்டும் வெயிலில் தெரிந்தன.

கட்டைக்கு முன்னால் வந்து மண்டி போட்டார். சட்டைப் பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்துக் கட்டை மேல் வைத்தார். கையைப் பின்னந்தலையில் கோத்துக்கொண்டு, நெற்றி மண்ணில் படும்படி குனிந்துவிட்டார். ஜெயபாலன் பிரேக் போட்டான். பாட்டு அறுந்தது, மேளம் நின்றது.

அவர் எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கெஞ்சுகிறார் என்பது மட்டும் பாஷை தெரியாமலே புரிந்தது.

ராஜு கையில் பாராங் இருந்தது. "மாமா, எந்திரிங்க" என்றான். அவர் எழவில்லை. "மாமா, நான் ராஜு. ராஜு, மாமா. என்னைப் பாருங்க."

"பாக்க மாட்டேன் சாமி" என்றார் இவர், தமிழில், மண்ணைப் பார்த்துக்கொண்டே. "மொகத்தைப் பாத்தா சுட்டுருவீங்க. நான் யாரையும் பாக்கல. என் மகன் வண்டியில இருக்கான். அவனும் யாரையும் பாக்கல. விட்டுருங்க சாமி."

ராஜுவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். துரை பங்களாவில் மிஞ்சிய கேக்கை மடியில் மறைத்துக் கொண்டுவந்து ஊட்டியவர். அந்தப் பையனின் வாய் கோணியது. பாராங்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

நான் எழுந்து என் அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "அண்ணே, உன் மாப்ள கையில கயிறு இல்ல. என்ன பண்ணப் போறீங்க? பண்ணுங்க. என் கண்ணு முன்னாடியே பண்ணுங்க!"

லோரியின் பின்பக்கத்திலிருந்து சீனி குதித்து வந்தான். அவன் கையிலும் ஒரு கம்பி இருந்தது. மண்டி போட்டுக் கிடந்தவரைப் பார்த்ததும் கம்பி தானாக நழுவி விழுந்தது. என் அண்ணன் ஒரு கையைப் பிடித்தார், சீனி இன்னொரு கையைப் பிடித்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்தார்கள். யாரோ கட்டையை உருட்டினார்கள். மேளம் அடிக்காமல் லோரி வளைவைத் தாண்டிப் போனது. ஜெயபாலன் என்னைத் தாண்டும்போது அவன் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. "என்னா நடந்துருக்கும்? ஒண்ணும் நடந்துருக்காது. சும்மா ரெண்டு சத்தம் போட்டுக் கலைஞ்சிருப்பாங்க. இந்த ஆளுதான் கச்சாவ் பண்ணி எல்லாத்தையும் கெடுத்துட்டாரு" என்று மேல் லயத்தில் பேசினார்கள். கீழ் லயத்திலும் அதையேதான் பேசினார்கள். நடக்காமல் போனதை யாருக்கும் காட்ட முடியாது. பைத்தியம் என்று சொல்ல மட்டும் ஒரு ஆள் கண்ணெதிரே இருந்தார்.

திருவிழா முடிந்த வாரத்தில் என் அண்ணனும் சீனியும் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் சேர்ந்து வந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். "இப்படியே விட்டா நல்லா இல்ல தங்கச்சி. டாக்டர்கிட்ட காட்டிருவோம்." "ஆமா அக்கா, டாக்சி பேசியாச்சு" என்றான் சீனி. எனக்குக் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மறு பேச்சில்லாமல் டாக்சியில் ஏறினார்.

ஈப்போ வந்ததும் பசிக்கிறது என்று ஒரு சீனர் காப்பிக்கடையில் நிறுத்தினார்கள். காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி ஒரே தட்டில் வந்தது. என் அண்ணன் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டுத் தட்டைச் சீனி பக்கம் தள்ளினார். "சாப்பிடு லா, ஆறிப்போவுது." சீனி மிச்சத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "காப்பி இங்க நல்லாத்தான் போடறான் அண்ணே" என்று காப்பியைக் காட்டிச் சிரித்தான். என் வீட்டுக்காரர் தன் காப்பியைத் தொடாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் இறங்கியது. பெய்ரூட்டிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படி அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

தஞ்சோங் ரம்புத்தானில் டாக்டர் நல்ல மனுஷர். நிதானமாகக் கேட்டார். "இவருக்கு என்ன செய்யுது?"

"நாங்க அடிச்சுக்குவோம்னு பயப்படறாருங்க டாக்டர்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

டாக்டர் இவரோடு தனியாக வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, மருந்து தருவதாகவும் வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்றும் என்னிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். வாங்க, போலாம்."

அவர் அசையவில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்தார். டாக்சியில் சாய்ந்துகொண்டு என் அண்ணனும் சீனியும் ஒரே தீப்பெட்டியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கொஞ்ச நாளு இங்கயே இருக்கேன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் நல்லம்மா. சரின்னுட்டாரு."

"ஏன்? பைத்தியமா உங்களுக்கு?"

"சத்தம் போடாத." அவர் என் கையை மெல்லத் தட்டினார். அவர் கை சூடாக இருந்தது. "பெய்ரூட்டுல ரெண்டு பக்கத்துக்கும் சேந்து பேச ஒரு பொது விஷயம் இல்லாமப் போச்சு. இவங்களுக்கு நான் இருக்கேன். வாராவாரம் என்னைப் பாக்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டு வா. தனித்தனியா வந்தாங்கன்னா, அன்னிக்கே ஜெயபாலனைக் கூப்பிட்டுக்கிட்டு தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்துரு."

திரும்பி வரும்போது டாக்சியின் பின்பக்கத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் விலை, மழை, பாவம் சன்னாசி என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். தாப்பா தாண்டிய பிறகு பேச்சு குறைந்தது. நான் மடியில் கையை இறுக்கிக்கொண்டு, அடுத்த வார்த்தையை யாராவது பேசமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்.